ஒருவரும் ஒத்துக்கொள்ளாத சித்திரை

நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், என் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டீர்கள். ஓய்வு பெற்றவர்கள் இப்படி எழுதும்போது தங்களைக் கொஞ்சம் பெரிய மனிதர்களாக்கிக்கொள்வது வழக்கம். எனக்கு அது வராது. நான் பொறாமைக்காரன். நம் வானொலியில் பாட்டுப் பிரிவில் இருந்த காலமெல்லாம் வயிற்றெரிச்சலோடுதான் வேலை பார்த்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

பொறாமை யார் மேல் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கலைச்செல்வி மேல். நீங்கள் சேருவதற்கு முன்பே அவர் திருச்சிக்குப் போய்விட்டார். அப்போது நம் நிலையத்தின் அறிவிப்பாளர் அவர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று வரிசை போடுவது என் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். தவில் தனி ஆவர்த்தனத்தை முடித்த கையோடு புல்லாங்குழலை வைத்தால் புல்லாங்குழல் எடுபடாது. நடுவில் ஒரு ஆர்மோனியம் வேண்டும். சோகப் பாட்டை நிகழ்ச்சியின் கடைசியில் வைத்தால் அன்று முழுக்க அது கேட்டவரோடு கூடவே திரியும். இதையெல்லாம் யோசித்து யோசித்து நான் வரிசை போடுவேன். போன் வரும். எடுத்தால், "கலைச்செல்வி அக்கா இல்லையா? இன்னைக்கு என்னமாப் பாட்டுப் போட்டாக!" என்பார்கள். பொன்னமராவதியிலிருந்து வாராவாரம் கூப்பிடும் ஒருவர் என்னை நிலையத்தின் வாட்ச்மேன் என்றே நெடுநாள் நினைத்திருந்தார். "நீங்க கேட்டைப் பாருங்கண்ணே, அக்காகிட்டக் குடுங்க" என்றார் ஒரு தடவை. கொடுத்தேன்.

நிகழ்ச்சிகளின் யோசனைகூட அவருடையதாகவே இருந்துவிடும். அப்படி ஒன்றுதான் பிறந்த மாதப் பாட்டு. நம் மாவட்டத்துக் கலைஞர்களில் அந்தந்த மாதத்தில் பிறந்தவர்களின் இசையை மட்டும் கோத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரலையாகப் போடுவது. கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அடுத்த நிமிடமே எரிச்சலாகவும் இருந்தது.

செய்ய ஆரம்பித்தபோது ஒரு சிக்கல். சான்றிதழ்களைப் பார்த்தால் நம் பக்கத்து நாயனக்காரர்கள், தவில்காரர்கள், நாடக ஆர்மோனியக்காரர்கள் முக்கால்வாசிப் பேரும் மே மாதமோ ஜூன் மாதமோ பிறந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனால், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதியைத் தலைமையாசிரியரே வகுப்புத் தொடங்கும் கணக்குக்கு ஒத்துவருகிற மாதிரி போட்டுக்கொள்வார். அதனால் சான்றிதழை விட்டுவிட்டு, அவரவரைக் கூப்பிட்டு எந்தத் தமிழ் மாதத்தில் பிறந்தீர்கள் என்று கேட்டுத் தொகுக்க ஆரம்பித்தேன். இது முழுக்க என் யோசனை. கலைச்செல்வி அதை நிகழ்ச்சியில், "நாங்க ஒரு புது முறை கண்டுபிடிச்சிருக்கோம்" என்று அறிவித்தார். அந்த 'நாங்க' எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை.

பங்குனி முடிந்து சித்திரை வந்தது. இந்த மாதத்தை விட்டுவிடுவோம், திருவிழாப் பாட்டுகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்தவர்கள் உங்களில் இருக்கலாம், அதனால் காரணத்தைச் சொல்கிறேன். தலைச்சன் பிள்ளை, அதுவும் ஆண் பிள்ளை, சித்திரையில் பிறந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு இங்கே இன்னும் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஆடி மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்வதே அதற்குத்தான். அப்படியும் தப்பிப் பிறந்துவிட்டால் மாதத்தை மறைத்துவிடுவார்கள். ஆகவே சித்திரையில் பிறந்தேன் என்று சொல்ல ஆள் கிடைக்காது. கலைச்செல்வியும் சரி என்று தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அழைப்பு வந்தது; காற்றில் போகாதபடி கலைச்செல்விக்கு இணைத்தேன். அன்னவாசல் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தக் குடும்பத்தின் ஊரையும் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

"கலைச்செல்விம்மாவா? பாட்டுக் கேக்கக் கூப்பிடலம்மா. எம் மக சரண்யாவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துருக்கு. தலைச்சன்."

"ரொம்ப சந்தோசம்மா!"

"சந்தோசந்தான். சித்திரையில பொறந்துருச்சே. ஆடிக்கு முறையா அழைச்சுக்கிட்டு வந்துதான் வச்சிருந்தோம். வைகாசியிலதான் டாக்டரம்மா தேதி சொன்னாக. புள்ள முந்திக்கிருச்சு. மாப்ள வீட்டுலேர்ந்து யாரும் எட்டிப் பாக்கல. மாப்ள சிங்கப்பூர்ல இருக்காக, வீடியோவுல புள்ளையப் பாத்துட்டு அழுகுறாக. அவுக அம்மா பேச்சை மீற முடியல. புள்ளையும் தாயும் அங்கிட்டே இருக்கட்டும், இங்க கொண்டாந்துறாதீகன்னு சொல்லி விட்டுட்டாக. எம் மக சரியாச் சாப்பிடறதில்லம்மா. பால் கட்டிக்கிட்டு காய்ச்சலாக் கெடக்குறா."

கலைச்செல்வி, "சம்பந்தியம்மா ரேடியோ கேப்பாங்களா?" என்றார்.

"ஒங்க கொரலுன்னா அவுகளுக்கு உசுரு. அரிமளத்துக்கு அங்கிட்டு இருக்காக, செல்லுல போட்டுக் கேப்பாக. அதான் ஒங்ககிட்டச் சொன்னா ஏதாவது வழி பொறக்குமான்னு கூப்பிட்டேன்."

"அடுத்த ஞாயித்துக்கெழம காலையில அவுங்களை மறக்காமக் கேக்கச் சொல்லுங்க. சித்திரையில தலைச்சனாப் பொறந்து, குடும்பத்தோட நல்லா இருக்கிற கலைஞர்களோட இசை மட்டும் போடப்போறோம். ஒரு மணி நேரம் முழுக்க."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வாக்குக் கொடுப்பது அவர், தேடி அலைவது நான். நிகழ்ச்சி முடிந்ததும், "அப்படி எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். "நீங்க கண்டுபிடிச்சிருவீங்க சார்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். திட்டுவதற்கு இடம் வைக்காமல் ஒருவர் நம்மை நம்பினால் அது எவ்வளவு எரிச்சல் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த அறையிலேயே சித்திரையில் பிறந்த தலைச்சன் ஒருவன் இருந்தான். நான்தான். நிலையத்தில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

அந்த வாரம் முழுக்கப் போனும் கையுமாக இருந்தேன். ஓர் ஆர்மோனியக்காரரின் மனைவி, "அவுக பங்குனிங்க, கடைசி நாளு" என்றார். கடைசி நாள் என்றால் எந்த நாள் என்று கேட்டேன். "பங்குனின்னு எழுதிக்கங்க. அதுக்கு மேல நோண்டாதீங்க" என்று வைத்துவிட்டார். ஒரு தவில்காரர், "சித்திரைதான், ஆனா நான் மூணாவது" என்றார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஒருவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். மீமிசல் பக்கத்தில் தப்ஸ் அடித்துப் பாடும் பாய் ஒருவர் சிரித்தார். "சித்திரையா? அது ஒங்க காலண்டர்ங்க. நான் ஏப்ரல் கடைசியில பொறந்தேன், வாப்பாவுக்கு மூத்த புள்ள. ஒங்களுக்கு ஆகுதுன்னா வச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டேன்.

இவர்களை மட்டும் வைத்துச் சம்பந்தியம்மாவின் மனதை மாற்ற முடியாது. அவரைப் போன்ற ஒரு குடும்பத்தில், அதே நம்பிக்கையில் வளர்ந்த ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தார். கோயில் திருவிழா என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு பெயர் பெற்ற நாயனக்காரர். வீடு, வாசல், பேரன் பேத்தி என்று நிறைவாக இருப்பவர். "ஆமாய்யா, சித்திரைதான். தலைச்சன்தான். தாராளமாச் சொல்லு" என்று அவரே தன் வாயால் சொன்னார். அவரை நடுவில் வைத்து வரிசை போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல வரிசைகளில் அது ஒன்று. முதலில் ஆர்கன், அடுத்துப் பாயின் பாட்டு, பிறகு நாயனக்காரரின் பேட்டியும் அவர் வாசித்த நீலாம்பரியும். தாலாட்டுக்கென்றே அமைந்த ராகம். அதைக் கேட்டுவிட்டு ஒரு குழந்தையை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் வராது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. சரண்யாவின் அம்மா காலையிலேயே கூப்பிட்டு, சம்பந்தி கேட்கிறார், மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து உறுதி செய்துகொண்டார் என்று சொல்லிவிட்டார். ஆர்கன் போனது. பாயின் பாட்டும் போனது. கலைச்செல்வி நாயனக்காரரைப் பற்றி அழகாகச் சொன்னார், அவர் சித்திரையில் பிறந்தது, தலைச்சன் என்பது, எவ்வளவு நன்றாக இருக்கிறார் என்பது எல்லாவற்றையும். நான் போனில் அவரை இணைத்தேன்.

"ஐயா, வணக்கம். சித்திரை மாதப் பிறந்தநாள் வாழ்த்துகள்!"

"யாரு சித்திரை?" என்றது அந்தக் குரல். "நான் வைகாசிக்காரன். யாரு ஒங்களுக்குச் சித்திரைன்னு சொன்னா? ரேடியோவுல வாய்க்கு வந்ததைப் பேசுவீகளா?"

என்ன நடந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அன்று காலை அவர் பேத்தியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் இது போயிருக்கிறது. அந்த மனிதர் என்னதான் செய்வார்?

நான் அவர் ஒலியை இறக்கினேன். இணைப்பு அறுந்ததுபோல் ஆக்கிவிட்டேன். அதற்குப் பிறகு காற்றில் ஒன்றுமே இல்லை. நேரலையில் வெறும் அமைதி எவ்வளவு நீளமாக இருக்கும் என்று இனிமேல்தான் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். கலைச்செல்வி கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். அரிமளத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள், பார்த்தாயா, இத்தனை பெரிய மனிதரே வேண்டாம் என்று உதறுகிற மாதம் இது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

என் முன்னாலும் ஒரு மைக் உண்டு. அவசரத்துக்காக வைத்தது. பொத்தானை அழுத்தினால் நான் பேசலாம். நான் சித்திரையில் பிறந்தவன், தலைச்சன், ஆண். எல்லாம் உண்மை. கை பொத்தான் வரை போனது.

அழுத்தவில்லை. ஏனென்று கேளுங்கள். நான் பிறந்த வருஷமே என் அப்பா பஸ் விபத்தில் போய்விட்டார். என்னால்தான் என்று அவர் வீட்டில் முடிவு கட்டினார்கள். என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றும் உள்ளே விடவில்லை. மாமா வீட்டில்தான் வளர்ந்தேன். நான் வாயைத் திறந்து பாதி சொன்னால், மீதியை யாராவது ஒருவர் கேட்டே தீருவார்கள். இந்த ஊரில் எதுவும் மறையாது. அந்த அம்மாள் எதற்குப் பயப்படுகிறாரோ அதற்குச் சாட்சியாக நானே போய் நிற்பேன். உண்மை என் கையில் இருந்தது, ஆனால் அது அந்தக் குழந்தைக்கு எதிரான உண்மை. தம்பிகளே, தங்கைகளே, நம் வேலையில் எதைச் சொல்வது என்று எல்லோரும் கற்றுக்கொடுப்பார்கள். எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்று நீங்களேதான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் கையை எடுத்துக்கொண்டு, கலைச்செல்வியின் மைக்கை ஏற்றிவிட்டுத் தலையசைத்தேன்.

அவர் பேசினார்.

"ஐயா தப்பா நெனைக்க வேணாம், எங்க கணக்குல ஏதோ பெசகு. ஆனா ஒண்ணு சொல்றேன். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. நான் சித்திரையில பொறந்தவ. எங்க வீட்டுக்குத் தலைச்சன். எங்கப்பா இன்னைக்கும் சைக்கிள்லதான் கடைத்தெருவுக்குப் போறாரு. மெதுவாப் போங்கன்னு எங்கம்மா தெனமும் கத்துறாங்க. ஒங்களுக்கெல்லாம் என் கொரல் புடிக்குதுன்னு சொல்றீங்கல்ல, இது சித்திரையில முதமுதலா அழுத கொரல்தான்."

முழுப் பொய். அவர் ஐப்பசிக்காரர். தீபாவளியை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் நிலையத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுப்பார், நானும் தின்றிருக்கிறேன். அப்பாவும் சைக்கிளும் மட்டும் நிஜம். ஆனால் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு கணம், ஒருவேளை இருக்குமோ என்று பட்டது.

அடுத்து என்ன போடுவது? வரிசைப்படி நீலாம்பரி. வாசித்தவரோ, என்னைச் சேர்க்காதே என்று இப்போதுதான் கத்திவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அந்த இடத்துக்கு வேறு எதுவும் பொருந்தாது. பெயர் வேண்டாம் என்று வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, "இப்ப ஒரு நீலாம்பரி" என்று மட்டும் சொன்னார். மெதுவாக ஏற்றினேன். மாதம் எதுவானால் என்ன, அந்த மனிதரின் வாசிப்புக்கு ஈடே கிடையாது.

நீலாம்பரி போய்க்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்தேன். கலைச்செல்வியின் அப்பா.

"தம்பி, அவ எப்பலேர்ந்து சித்திரைக்காரி ஆனா? ஐப்பசியில கொட்டுற மழையில ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி கட்டிக்கிட்டு ஓடுனது நானுல்ல?"

விஷயத்தைச் சொன்னேன். "அப்பச் சரி. யாராச்சும் கேட்டா நானும் சித்திரைன்னே சொல்லிப்புடுறேன்" என்று வைத்துவிட்டார். கலைச்செல்விக்கு வாய்த்த அப்பாவைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

அந்த வாரக் கடைசியில் சரண்யாவின் அம்மா கூப்பிட்டார். வழக்கம்போல நான்தான் எடுத்தேன். "சம்பந்தி வந்துட்டாகங்க! கார் வச்சுக்கிட்டு வந்து எறங்குனாக. புள்ளையத் தூக்குனவுகதான், இன்னும் கீழ எறக்கல. நாளைக்கு ரெண்டு பேரையும் அழைச்சுட்டுப் போறாக. கலைச்செல்விம்மாவுக்குக் கோடிப் புண்ணியம். நீங்க யாரு, வாட்ச்மேனுங்களா? அவுககிட்டக் கொஞ்சம் சொல்லிருங்கய்யா." சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய கொடுமை. ஊர் உலகத்துக்கு அவர் சித்திரைக்காரி ஆகிவிட்டார். சித்திரை வந்தால் நேயர்கள் வாழ்த்துச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இனி ஐப்பசியில் அல்வா கொடுத்தால் யாராவது கேட்பார்கள் என்று அதையும் சித்திரைக்கு மாற்றிக்கொண்டார். நான் பிறந்த மாதத்தில், என் கையிலேயே ஒரு துண்டு அல்வாவை வைத்து, "எனக்கு வாழ்த்துச் சொல்லுங்க சார்" என்பார். சொல்லுவேன். என் குரல்தான் யாருக்கும் வேண்டாம், பிறந்த மாதத்தையாவது எனக்கு விட்டு வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தின்பேன். இதை எழுதட்டுமா என்று சமீபத்தில் போனில் கேட்டபோதுதான் என் மாதத்தை அவரிடம் சொன்னேன். "எழுதுங்க சார்" என்றார்.

அந்தப் பொய்யை நான் நியாயப்படுத்த வரவில்லை. மைக்கில் பொய் சொல்லாதீர்கள், ஒரு தடவை பிடிபட்டால் அதோடு போயிற்று. நான் எழுத நினைத்தது வேறு.

மறு வருஷம் அந்தப் பையனுக்குக் காதுகுத்து. அரிமளத்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் குலதெய்வக் கோயிலில். கலைச்செல்வியை நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனார்கள். துணைக்கு வாங்க சார் என்று அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போய் இறங்கியதும் சம்பந்தியம்மா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் போனவரிடமெல்லாம், "இந்தக் கொரல்தான், இந்தக் கொரல்தான்" என்று காட்டினார்.

"சார் யாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவருதாம்மா பாட்டெல்லாம் போடுறவரு."

"அப்படிங்களா. இருந்து சாப்ட்டுப் போங்க."

பையனைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். அலறினான். நாதஸ்வரம், தவில், ஆட்கள் சத்தம், ஒன்றும் அவனிடம் பலிக்கவில்லை. சம்பந்தியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மாமனிடமிருந்து அவனைப் பறிக்காத குறையாகத் தூக்கினார். முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தார். "எஞ் சித்திரை ராசால்ல, எஞ் சித்திரை ராசால்ல, அப்பத்தாகிட்ட வந்துட்டியல்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அத்தனை பேர் நடுவிலும் அந்த மாதத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லித்தான் கொஞ்சினார். அவன் அவர் தோளில் முகத்தைத் தேய்த்துவிட்டு அடங்கினான்.

கலைச்செல்வி என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கை கழுவுகிற சாக்கில் பந்தலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போய்விட்டேன். இத்தனை வருஷம் ஒருவர் குரலைக் கேட்டு வயிறெரிந்தவன், அன்று அந்த ஒரு வயதுப் பையனைப் பார்த்து எரிந்த மாதிரி எரிந்ததே இல்லை. என் அப்பத்தா வீடு எங்கள் மாமா ஊரிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். சாகும்வரை அவர் வரவில்லை. எனக்காக ஒரு பொய் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.